ஈலமியமும் திராவிடமும் உறவா? கையில் பட்டியலோடு சோதித்துப் பார்க்கும் முறை

ஈலமிய மொழியில் தாய் ‘அம்மா’, தந்தை ‘அத்தா’, முன்னிலை ஒருமை ‘நி’ அல்லது ‘நு’. இந்த மூன்றையும் காட்டியதும், தமிழும் ஈலமியமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் உண்டு. முதல் இரண்டு சொற்களும் எதையும் நிரூபிப்பதில்லை. மூன்றாவது கொஞ்சம் பேசும், அதுவும் தனியாக நின்றால் பேசாது. எது பேசும், எது பேசாது என்று பிரித்துப் பார்க்கும் வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறோம். பழைய இலக்கணப் பழக்கம் கொஞ்சம் இருந்தால் போதும். பொறுமை நிறைய வேண்டும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஈலமியம் இன்றைய ஈரானின் தென்மேற்கில், சூசா, அன்சான் ஆகிய நகரங்களை மையமாகக் கொண்டு வழங்கிய மொழி. களிமண்ணில் ஆப்பு வடிவக் கோடுகளால் எழுதும் ஆப்பெழுத்தில் கி.மு. 23ஆம் நூற்றாண்டு முதல் கி.மு. 4ஆம் நூற்றாண்டு வரை கிடைக்கிறது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே, ஈரானில் உள்ள மும்மொழிப் பெகிஸ்தூன் பாறைக் கல்வெட்டின் இரண்டாம் மொழியை, அதாவது ஈலமியத்தை, திராவிடத்தோடு ஒப்பிட்டார். அதை அன்று ‘சித்திய மொழி’ என்றார்கள். இந்தக் கருத்தை முறையான கருதுகோளாக வளர்த்தவர் மொழியியலாளர் டேவிட் மக்ஆல்பின். 1974, 1975 கட்டுரைகளுக்குப் பின் 1981இல் நூலாகவே எழுதினார். 2015இல், பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் பேசப்படும் திராவிட மொழியான பிராகூயியை ஈலமியத்துக்கு இன்னும் நெருக்கமாக நிறுத்தி, ‘சாக்ரோசியம்’ என்று ஒரு குடும்பத்தை முன்வைத்தார். திராவிட மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி உள்ளிட்ட பலர் சான்று போதாது என்றார்கள். ஈலமியத்தை இன்றும் பெரும்பாலோர் உறவு அறியப்படாத தனிமொழியாகவே வைத்திருக்கிறார்கள்.

முதலில் சேர்க்க வேண்டியவை

ஈலமியப் பக்கத்துக்கு ஹின்ஸும் கோக்கும் 1987இல் தொகுத்த இரண்டு தொகுதி ஜெர்மன் அகராதிதான் அடிப்படை. அதனுடன் ஒரு சுருக்க இலக்கணம் இருந்தால் போதும். திராவிடப் பக்கத்துக்கு பரோ, எமனோ தொகுத்த வேர்ச்சொல் அகராதியின் 1984 திருத்திய பதிப்பு. இதில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகள் உண்டு, இணையத்திலும் தேடலாம். மூன்றாவதாக ஒரு பிராகூயி இலக்கணம். தமிழ் அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைக் கீழே காணலாம்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு ஈலமியச் சொல்லுக்கும் நான்கு கட்டம் போடுங்கள்: எழுத்துப்பெயர்ப்பு, பொருள், எந்தக் காலத்து ஆவணம், பொருள் எவ்வளவு உறுதி. மூன்றாம் கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கி.மு. 1500 முதல் 1000 வரையான இடைக்கால ஈலமியமும், பாரசீகப் பேரரசை ஆண்ட அகாமனிசியர் கால ஈலமியமும் ஒரே மொழிதான், ஆனால் ஒரே நிலை அல்ல. அகாமனிசியர் கால ஈலமியத்தில் எழுதிய, பெர்சேபோலிஸ் கோட்டையில் கிடைத்த களிமண் பலகைகள் கி.மு. 509 முதல் 493 வரையானவை. சங்கத் தமிழையும் இன்றைய செய்தித்தாளையும் கலந்து ஒரு இலக்கணம் எழுதினால் எப்படியிருக்குமோ, காலம் பிரிக்காத ஈலமியப் பட்டியலும் அப்படித்தான் இருக்கும்.

எழுத்துப்பெயர்ப்பை ரோமன் எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. தமிழ் எழுத்தில் க, ட, த, ப ஒவ்வொன்றும் இரண்டு ஒலிகளைச் சுமப்பதால், ஏற்கெனவே மங்கலான ஈலமிய எழுத்து இன்னொரு முறை மங்கிவிடும். இங்கே வாசிப்பு எளிமைக்காகவே தமிழில் தருகிறோம்.

எழுத்து காட்டாததை நீங்கள் காணாதீர்கள்

ஈலமியர் ஆப்பெழுத்தை மெசொப்பொத்தேமியாவிலிருந்து எடுத்து, ஏறக்குறைய 130 குறிகளாகச் சுருக்கினார்கள். அந்த எழுத்தில் வளைநா ஒலிகளுக்குக் குறி கிடையாது. ட, ண, ள, ழ ஆகியவை ஈலமியத்தில் இருந்திருந்தாலும் நமக்குத் தெரிய வழியில்லை. ஒகரத்துக்குத் தனிக் குறி இல்லை. எகரமும் இகரமும் அடிக்கடி இடம் மாறி வரும். பகரத்தின் இரண்டு ஒலிகளும் (p, b) ஒரே சொல்லில் மாற்றி மாற்றி எழுதப்பட்டிருக்கும். தகரம், ககரமும் அப்படியே.

இதனால் வரும் தவறு என்னவென்றால், ஒரு ஈலமியத் தகரத்தைத் திராவிட த, ட, ற மூன்றில் எதனோடு வேண்டுமானாலும் பொருத்திக்கொள்ளலாம் என்ற சலுகை கிடைத்துவிடுகிறது. சலுகை எத்தனை மடங்கோ அத்தனை மடங்கு தற்செயல் ஒற்றுமையும் கூடும். எனவே பொருத்தத் தொடங்குமுன்பே, எந்த ஒலியை எதனோடு ஒப்பிடுவீர்கள் என்பதை எழுதி வைத்துவிடுங்கள். பிறகு பிடித்த சொல் ஒன்று கண்ணில் பட்டது என்பதற்காக அதை மாற்றக் கூடாது.

தமிழை ஓரமாக வைத்துவிட்டு மூலத்திராவிடத்துக்குப் போங்கள்

வழிமுறையின் உயிர்நாடி இதுதான். மூலத்திராவிடம் என்பது எல்லாத் திராவிட மொழிகளுக்கும் பொதுவான மூதாதை; அதை உறவு மொழிகளை ஒப்பிட்டுத்தான் திருத்தி அமைக்கிறோம். நமக்குத் தெரிந்த தமிழ் வடிவம் பழைய வடிவமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மூன்று பொறிகளைப் பாருங்கள்.

ஈலமியத்தில் காது ‘சிரி’. தமிழில் ‘செவி’. கவர்ச்சியான ஜோடி. ஆனால் கன்னடத்தில் அது ‘கிவி’. பிராகூயியிலும் தொடக்கம் ககரத்தின் வழிவந்த ஒலிதான். முன்னுயிருக்கு முன் ககரம் தமிழில் சகரமானது. அதாவது மூல வடிவம் ககரத்தில் தொடங்குவது. ‘சிரி’யோடு பொருந்திய அந்த முதல் ஒலி தமிழ் பிற்காலத்தில் தானே உண்டாக்கிக்கொண்டது. ஜோடியை அடித்துவிடுங்கள்.

அடுத்து எதிர்மறை. ஈலமியத்தில் ‘இன்னி’ என்றால் இல்லை. தமிழில் இன்மை, இன்றி. இதைப் பார்த்ததும் மனம் துள்ளும். ஆனால் இன்மை என்பது இல் + மை. அந்த னகரம் புணர்ச்சியால் வந்தது, வேரில் இருப்பது லகரம். போதாததற்குக் கோண்டி, கூவி போன்ற உறவு மொழிகளில் இந்த வேரின் முன் சகரமோ ஹகரமோ வருகிறது. எனவே மூல வடிவம் ‘சில்’ என்பது போல இருந்திருக்க வேண்டும். ‘இன்னி’க்கும் ‘சில்’லுக்கும் இடையே மிஞ்சுவது ஒரு இகரம் மட்டுமே.

மூன்றாவது மிக எளிய பொறி. ஈலமியத்தில் ‘பத்’ என்பது கால். உடனே ‘பாதம்’ நினைவுக்கு வரும். பாதம் வடமொழிக் கடன். திராவிடத்துக்கு உரியவை அடி, கால், தாள்.

ஆகவே, ஒரு தமிழ்ச் சொல்லை எடுக்குமுன் குறைந்தது மூன்று கிளைகளிலிருந்து அதன் இனச்சொற்களைப் பாருங்கள்: தென்திராவிடம், தென்நடுத் திராவிடம் அல்லது நடுத்திராவிடம், வடதிராவிடம். ஒரே கிளையில் மட்டும் கிடைக்கும் சொல்லை இரண்டாம் தரப் பட்டியலில் தள்ளிவிடுங்கள். அந்தப் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும், வருந்த வேண்டாம்.

ஒப்பிடுவதற்கு முன் வெட்டுங்கள்

சொல்லை அதன் உறுப்புகளாகப் பிரிக்காமல் ஒப்பிடக் கூடாது. ஈலமியப் பெயர்ச்சொல்லின் இறுதியில் வகுப்பு விகுதி வரும். ‘சுங்கி’ என்றால் அரசு தொடர்பான அடி. ‘சுங்கி-க்’ அரசனாகிய நான், ‘சுங்கி-ர்’ அரசனாகிய அவன், ‘சுங்கி-ப்’ அரசர்கள், ‘சுங்கி-மெ’ அரசுரிமை. சோகா சன்பில் கோபுரத்தைக் கட்டிய ஈலமிய அரசன் உந்தாஷ்-நபிரிஷாவின் செங்கற்களில் ‘சுங்கிக் அன்சான் ஷூஷுன்-க’ என்று வருகிறது: அன்சான், சூசா அரசனாகிய நான். தன்மைக்குரிய அந்தக் ககரம் தொடரின் இறுதியில் மறுபடி ஒட்டுவதைக் கவனியுங்கள்.

இங்கேதான் விஷயம் உண்மையிலேயே சூடுபிடிக்கிறது. பெயர்ச்சொல்லே இடம் காட்டும் விகுதி பெறுவது தமிழருக்குப் புதிதல்ல. அடியேன், நாயேன், இளையம் என்று நம்மிடம் இருக்கிறது. குறிப்பு வினைமுற்று என்று இலக்கணம் பெயரும் வைத்திருக்கிறது. ‘சுங்கிக்’ என்பதை ‘அரசனேன்’ என்று நேராகவே சொல்லிவிடலாம். அமைப்பில் இது அழகான ஒற்றுமை. ஆனால் ஒத்திருப்பது அமைப்பு, ஒலி அல்ல. ககரத்துக்கும் ‘-ஏன்’ விகுதிக்கும் தொடர்பில்லை. ஒட்டுநிலை (வேரோடு உருபுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுவது), வினை இறுதியில் வருவது, சொல்லுக்குப் பின் உருபு வருவது ஆகியவையும் இப்படியே. சுமேரியத்திலும் துருக்கியிலும் ஜப்பானியத்திலும் அவை உண்டு. அமைப்பு ஒற்றுமையைத் தனித் தாளில் எழுதி வையுங்கள், மதிப்பெண் போடாதீர்கள். ஈலமியத்தில் அடைமொழி பெயருக்குப் பின் வரும், திராவிடத்தில் முன் வரும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். ஒத்துவராததை மறைப்பது முறையல்ல.

விகுதிகளுக்கு வருவோம். தமிழ் இலக்கணம் படித்தவர்கள் இந்த இடத்தில் இரண்டு சறுக்கல்களைச் சந்திப்பார்கள்.

ஒன்று, தன்மை ஒருமையில் ‘உண்கு’, ‘செய்கு’. ஈலமியத் தன்மை விகுதி ககரம், தமிழில் கு. பொருந்திவிட்டது போலிருக்கும். ஆனால் தொல்காப்பியம் கு-வைத் தனியாகச் சொல்லவில்லை. டு, து, று ஆகியவற்றோடு சேர்த்தே சொல்கிறது. பன்மையிலும் கும், டும், தும், றும் என்று அதே மெய்கள் நிற்கின்றன. மெய் மாறிக்கொண்டே இருக்கிறது, பன்மைக்கும் போகிறது என்றால் அது இடத்தைக் காட்டுவதல்ல, காலத்தோடு சேர்ந்தது. இடத்துக்கென்று மிஞ்சுவது உகரம் மட்டுமே.

இரண்டு, படர்க்கைப் பன்மை. ஈலமியத்தில் ‘ப்’. தமிழில் என்ப, மொழிப. அர், ஆர், ப மூன்றையும் பல்லோர் படர்க்கை விகுதிகளாகத் தொல்காப்பியம் தருகிறது. இதை உடனே தள்ள முடியாது. ஆனால் உண்ப, உண்பர் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இந்தப் பகரம் எதிர்கால இடைநிலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தெரியும். கேள்விக்குறி போட்டு வையுங்கள். ரகரம் இன்னும் சிக்கல்: ஈலமியத்தில் ர் ஒருமை, திராவிடத்தில் அர் பன்மை. எண் மாறியதை விளக்க ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கும். கதை சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் மதிப்பெண் குறையும்.

உண்மையில் எடை உள்ளவை

எங்கள் கணிப்பில், கருதுகோளுக்கு ஆதரவான மிக நல்ல சான்றுகள் மாற்றுப்பெயர்களிலும் வேற்றுமை உருபுகளிலும்தான் இருக்கின்றன.

நான்காம் வேற்றுமையை எடுங்கள். அகாமனிசியர் கால ஈலமியத்தில் ‘இக்கி’ என்பது ஒருவரிடம், ஒருவருக்கு என்ற திசையைக் காட்டும். திராவிடத்தில் தமிழ் கு, தெலுங்கு கு/கி, கன்னடம் கெ, குருக் கே, பிராகூயி கி என்று எல்லாக் கிளைகளிலும் உருபு இருக்கிறது. ஒலியும் பொருளும் சேர்ந்து ஒத்திருக்கின்றன.

இரண்டாம் வேற்றுமையில் ஈலமிய மாற்றுப்பெயர்கள் னகரம் பெறுகின்றன: ‘உ’ நான், ‘உன்’ என்னை, ‘நு’ நீ, ‘நுன்’ உன்னை. தமிழ் ஐ-யை மட்டும் பார்த்தால் இது தெரியாது. தெலுங்கு நு/நி, கோண்டி, குருக் ஆகியவற்றின் னகர உருபுகளைப் பார்த்தால் தெரியும். முன்னிலையில் ‘நி/நு’வுக்கு எதிரே நீ, நின். பன்மை ‘நும்’ என்பதற்கு எதிரே சங்கத் தமிழ் நும், பிராகூயி நும். ஆனால் தன்மை ஒருமை ‘உ’வுக்கு எதிரே யான். அது பொருந்தவில்லை.

உருபுகள் குறுகியவை. ஒரே ஒரு மெய் ஒத்துப்போவது தற்செயலாக நடக்க எளிது. முன்னிலைக்கு னகரம் வரும் மொழிகள் உலகில் வேறிடங்களிலும் உண்டு. எனவே தனித்தனியாக எண்ணாமல், ஒரு முழு வாய்பாட்டின் கட்டங்களில் எத்தனை பொருந்தின, எத்தனை பொருந்தவில்லை என்று எண்ணுங்கள்.

காலக் கட்டத்தைப் பயன்படுத்த வேண்டிய இடமும் இதுவே. பிராகூயியின் ஆறாம் வேற்றுமை ‘நா’, அகாமனிசியர் கால ஈலமியத்தின் ஆறாம் வேற்றுமை ‘ந’. பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் இடைக்கால ஈலமியத்தில் உடைமை வகுப்பு விகுதியால் காட்டப்பட்டது. ‘ந’ பொது உருபாகப் பரவியது பிற்காலத்தில். பொது மூதாதை இருந்திருந்தால் அது இதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்னால் இருந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் ஒரு மொழிக்குள் உருவான உருபு அந்த மூதாதைக்குச் சாட்சி சொல்ல முடியாது.

சொற்கள்: பெகிஸ்தூன் தரும் சோதனை

அடிப்படைச் சொற்களுக்கு நல்லதொரு சோதனை பெகிஸ்தூன் கல்வெட்டிலேயே இருக்கிறது. கலகம் செய்த பிரவர்த்திஷைப் பிடித்து மூக்கு, நாக்கு, காதுகளை அறுத்து, ஒரு கண்ணையும் குருடாக்கியதாக முதலாம் டேரியஸ் அதில் கூறுகிறார். மும்மொழிக் கல்வெட்டாதலால் பொருளில் ஐயமில்லை. ஈலமிய வடிவங்கள்: மூக்கு ‘ஷியும்மெ’, நாக்கு ‘தித்மஷ்’, காது ‘சிரி’, கண் ‘எல்தி’. மூலத்திராவிட வடிவங்களை எதிரே எழுதுங்கள்: மூக்கு, நா, கெவி, கண். நான்கில் ஒன்றுகூடப் பொருந்தாது.

எண்களையும் பாருங்கள். ஒன்று ‘கிர்’, இரண்டு ‘மர்’, மூன்று ‘ஸிதி’. ஒரு, இரு, மூ ஆகியவற்றோடு எதுவும் சேரவில்லை. இரண்டைக் குறிக்கும் ‘மர்’ரை மூன்றைக் குறிக்கும் ‘மூ’வோடு இணைக்கலாமே என்று கை பரபரக்கும். எண்ணில் பொருள் பெயர்ச்சியை அனுமதிக்காதீர்கள்.

மழலைச் சொற்களை முதலிலேயே நீக்கிவிடுங்கள். கோதிக்கில் தந்தை ‘அத்தா’, ஹிட்டைட்டில் ‘அத்தாஸ்’. குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகளைப் பெற்றோர் தமக்குப் பெயராக எடுத்துக்கொள்வது எங்கும் நடப்பது. கடன்சொற்களையும் நீக்குங்கள்: பலகை என்ற பொருளுடைய ‘துப்பி’ அக்காதியத்திலிருந்து வந்தது, அகாமனிசியர் கால ஆவணங்களில் பழம்பாரசீகக் கடன்கள் நிறைய.

தற்செயலை எண்ணிப் பாருங்கள்

மெய்களை எட்டு வகைகளாகப் பிரித்து, முதல் இரண்டு மெய்களும் வகையில் ஒத்தால் பொருத்தம் என்று வைத்துக்கொள்வோம். எல்லா வகையும் சமமாக வருமானால், உறவே இல்லாத இரண்டு சொற்கள் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு 64இல் 1. 100 பொருள்களுக்குப் பக்கத்துக்கு ஒரு சொல் என்று எடுத்தால் 1 அல்லது 2 பொருந்தும். பொருளைத் தளர்த்தி ஒவ்வொரு ஈலமியச் சொல்லுக்கும் 5 திராவிடச் சொற்களைத் தேடினால் 7 அல்லது 8 பொருந்தும். 20 சொற்களைத் தேடினால் 27. ஐயாயிரம் பதிவுள்ள அகராதியில், பொருள் ‘கொஞ்சம் கிட்டே’ இருந்தால் போதும் என்று 20 சொற்களைத் தேடுவது ஒரு மாலை வேலை. உறவே இல்லாமல் 27 ஜோடிகள் கிடைத்துவிடும், அத்தனையும் மெய்யாகவே தோன்றும்.

உங்கள் பட்டியலுக்கு இதைச் சரிபார்க்க நகர்த்தல் சோதனை செய்யுங்கள். ஈலமியப் பட்டியலை அப்படியே வைத்து, திராவிடப் பட்டியலை ஒரு வரி கீழே நகர்த்துங்கள். இப்போது ‘கண்’ணுக்கு எதிரே ‘மூக்கு’ நிற்கும். அதே விதிகளோடு பொருத்தங்களை எண்ணுங்கள். பிறகு இரண்டு வரி, மூன்று வரி என்று ஒரு சுற்று முடியும்வரை நகர்த்துங்கள். இவற்றின் சராசரிதான் தற்செயலின் அளவு. நகர்த்தாத பட்டியலின் எண்ணிக்கை அதைவிடத் தெளிவாக மேலே நிற்க வேண்டும். மிக அருகில் நின்றால், உங்கள் ஜோடிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் சான்றில்லை. ஈலமியத்தில் பல அடிப்படைச் சொற்கள் கிடைக்காததால் பட்டியலில் ஓட்டைகள் இருக்கும். அவற்றை நிரப்ப ஐயத்துக்குரிய சொற்களைப் போடாமல் ஓட்டையாகவே விடுங்கள்.

இத்தனைக்கும் பின் எஞ்சும் ஜோடிகளில் ஒலி இயைபைத் தேடலாம். தமிழ்ச் சகரமும் கன்னடக் ககரமும் செவி/கிவி என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடவில்லை; செம்மை/கெம்பு என்று தொடர்ந்து வருகின்றன. அந்தத் தொடர்ச்சியே விதி. ஒரு விதியைச் சொல்லும்போது, அதற்குக் குறைந்தது மூன்று தனித்தனிச் சொற்கள் சாட்சியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மக்ஆல்பினின் திருத்தி அமைத்த வடிவங்கள் மீது விழுந்த அடி இங்கேதான்: பல விதிகள் ஒன்றிரண்டு சொற்களை விளக்குவதற்கென்றே அமைந்தவை என்றார்கள் விமர்சகர்கள். அவருடைய இலக்கண ஒப்பீட்டைப் படிக்கும்போது வரும் நம்பிக்கை, சொல் ஒப்பீட்டுக்கு வந்ததும் தளர்வது இதனால்தான்.

வேளாண்மை ஈரானிலிருந்து கிழக்கே பரவியது, அதோடு மொழியும் வந்தது என்ற வாதத்தை மேலே சொன்ன பட்டியலுக்குள் கொண்டுவராதீர்கள். 2019இல் வெளியான ராக்கிகடி மரபணு ஆய்வு, சிந்துவெளியாளரின் ஈரானியத் தொடர்புள்ள மரபு, ஈரானில் வேளாண்மை தோன்றுமுன்பே பிரிந்தது என்று காட்டியது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மரபணு மொழிச் சான்றாகாது.

ஈலமியரின் இன்னொரு பழைய எழுத்தான வரி ஈலமியத்தைப் பிரான்சுவா தெசே குழு வாசித்ததாக 2022இல் வெளியிட்டது. எல்லோரும் அதை ஏற்கவில்லை. அதிலிருந்து எடுக்கும் சொற்களுக்கு உங்கள் ஏட்டின் நான்காம் கட்டத்தில் ‘உறுதியில்லை’ என்று எழுதி, பிரதானப் பட்டியலுக்கு வெளியே வையுங்கள். வாசிப்பு நிலைபெற்ற பிறகு முதலில் தேட வேண்டியது புதிய பெயர்ச்சொற்களை அல்ல. ‘இக்கி’ அந்தப் பழைய அடுக்கில் இருக்கிறதா என்பதை. இருந்தால் கருதுகோளின் மிக வலுவான கட்டம் இன்னும் வலுக்கும். அங்கே அது காணாமல், பிற்காலத்தில் பிறந்தது என்று தெரிந்தால், ‘ந’ உருபைப் போலவே அதையும் அடிக்க வேண்டியிருக்கும்.